பன்றியின் குலம்

ஓர் உயிரை இன்ன இனத்தது என்று நாம் சொல்லும்போது, அவ்வுயிரினுள் இயல்பாகவே உறைகின்ற ஒன்றைக் கண்டு சொல்லுகிறோமா, அல்லது நம்முடைய விவகாரங்களுக்கு உதவும் பொருட்டு நாமே ஒரு பெயரை அதன்மீது ஏற்றிவைக்கிறோமா என்பது, பாரத தேசத்துத் தர்க்க சாஸ்திரிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டும் தீராத வினா. நையாயிகர் ஒரு பக்கமும் பௌத்தர் மறுபக்கமும் நின்று நடத்திய அந்த வாதம், நாட்டுப் பன்றி எது, பண்ணைப் பன்றி எது என்று மரபணுப் பரிசோதனையால் பிரித்தறிய முயலும் ஆய்வுக்கூடத்துக்குள்ளும் இன்று வந்து நிற்கிறது. பன்றியை வைத்துத் தத்துவ விசாரம் செய்வது தகுமோ என்று தயங்க வேண்டுவதில்லை. வராகத்தை அவதாரமாகப் போற்றியும், தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றில் வாராகிக்கு விளக்கேற்றியும், சிவாலயங்களில் கருவறையின் பின்சுவரிலே இறைவன் அடிதேடி நிலம் அகழும் பன்றியை வலம்வந்தும் வாழுகின்ற சோழநாட்டாருக்கு இந்த விசாரம் அந்நியமானதன்று.

தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டில் 2012-ஆம் ஆண்டு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. பன்றியின் மரபணுத் தொகுதி முழுவதும் எழுத்தெழுத்தாக வரிசைப்படுத்தப்பட்டு உலகுக்கு வெளியிடப்பட்டதும் அதே ஆண்டின் இறுதியில்தான். இவ்விரண்டுக்கும் சம்பந்தம் ஏதுமில்லை எனினும், கால்நடைக் கல்வி ஊருக்குள்ளேயே வந்துவிட்ட பிறகு, ஊரிலுள்ள பிராணிகளின் குலம் கோத்திரத்தைப் பற்றிய வினாவும் ஊரார்க்கு உரிய வினாவாகிவிடுகிறது. உம்பளச்சேரி மாட்டைப் பற்றி இப்பக்கத்துக் குடியானவர் எவரைக் கேட்டாலும் சொல்லுவார்: கன்று செந்நிறமாகப் பிறக்கும், ஆறு மாதத்துக்குள் சாம்பல் நிறம் கொள்ளும், நெற்றியில் வெண்பொட்டும் கால்களில் வெண்மையும் இருக்கும், முழங்கால் ஆழச் சேற்றில் உழுவதற்கு அதற்கு நிகர் வேறில்லை என்று. திருவாரூர் மாவட்டத்துக் கொருக்கையில் அம்மாட்டுக்கென அரசாங்கப் பண்ணையே இருக்கிறது. நாட்டுப் பன்றிக்கு அத்தகைய கீர்த்தி இல்லை. அதன் பெயரைச் சொல்லுவதற்கே நம்மவர் கூசுகிறார்கள்.

ஆயினும் அறுவடை முடிந்த தரிசில் அது மேய்வதைச் சற்றே நின்று பார்த்தவர்க்கு அதன் தனித்தன்மை விளங்காமற் போகாது. நீண்டு நேராக இறங்கும் மூஞ்சி, நிமிர்ந்த சிறு காதுகள், பிடரியில் தொடங்கி நடுமுதுகு வரையில் சிலிர்த்து நிற்கும் கருமயிர், ஒட்டிய விலா, மெலிந்து உறுதியான கால்கள் இவற்றோடு, மூஞ்சியின் நுனியிலுள்ள வட்டக் குருத்தெலும்பால் ஈரமண்ணைப் பெயர்த்துப் பெயர்த்து, வேளாளனுக்குத் தீராப் பகையான கோரையின் கிழங்கைத் தேடியெடுத்து மென்று தின்னும் அந்தப் பிராணி, யாருடைய தீவனத்தையும் எதிர்பாராமல் இந்த மண் கொடுப்பதைக் கொண்டே பிழைக்கக் கற்றது. பண்ணையில் சிமெண்டுத் தரைமேல் வளரும் வெண்பன்றியோ, பெரும்பாலும் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் என்னும் இங்கிலாந்து இனத்தின் வழிவந்தது. நீண்ட உடலும், இளஞ்சிவப்புத் தோலும், சற்றே குழிந்த முகமும் உடையது. ஓர் ஈற்றில் பத்துக்கு மேலும் குட்டி போடக்கூடியது. கலப்புத் தீவனமும் நிழலும் நீரும் தவறாமல் கிடைத்தால் சில மாதங்களிலேயே விற்பனைக்குரிய எடையை அடைவது. ஆதாயத்தை மட்டும் கருதுவோர் எதைத் தேர்வார்கள் என்பது வெளிப்படை. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் பன்றித் தொகை 90.6 லட்சம் என்று கண்டார்கள். அதற்கு முந்திய 2012-ஆம் ஆண்டுக் கணக்கைவிட அது 12 சதவீதம் குறைவு. அடுத்த ஆண்டிலேயே ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அஸ்ஸாம் வழியாக முதன்முறையாக நாட்டுக்குள் நுழைந்து பட்டிகளைச் சூறையாடிற்று. எஞ்சியவற்றுள் எவை பழைய குலத்தவை, எவை கலந்தவை என்று அறிய வேண்டிய அவசியம் இவ்வாறுதான் எழுந்தது.

கண்ணாற் கண்டே சொல்லிவிடலாமே, பரிசோதனை எதற்கு என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் பிரத்யட்சம் நம்மைக் கைவிடுகிறது. யார்க்‌ஷயர் பன்றியின் வெண்மைக்குக் காரணம் கிட் என்னும் மரபணு இரட்டித்தும் திரிந்தும் நிற்பது. அவ்வெண்மை மேலோங்கும் இயல்பினதாகையால், தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், குட்டி வெள்ளையாகிவிடும். வெள்ளைக் கிடாய்க்கும் கறுப்புப் பெட்டைக்கும் பிறந்தவை எல்லாம் வெள்ளையாக இருக்க, அந்த வெள்ளைக் குட்டி வளர்ந்து மறுபடியும் நாட்டுப் பன்றியோடு கூடினால், பிறப்பவற்றில் ஏறக்குறைய பாதி கன்னங்கரேலென்று, பாட்டியின் நிறத்தையே கொண்டு பிறக்கும். அவற்றின் உடம்பில் சராசரியாகக் கால்பங்கு சீமை வழி கலந்திருக்கும். ஆனால் அதைக் காட்டிக்கொடுக்கும் வெண்மை ஒரு மயிர்க்காலிலும் இராது. பெர்க்‌ஷயர் போன்ற சில அயல் இனங்களோ இயற்கையிலேயே கறுப்பு. ஆகவே கறுத்ததெல்லாம் நாட்டுப் பன்றி என்று துணிவதும், வெளுத்ததெல்லாம் முற்றும் அயல் என்று துணிவதும் ஒருங்கே பிழை.

ஆய்வாளர் செய்வது வேறு. வேரோடு பறித்த சில மயிரையோ, காது நுனியிலிருந்து மிளகளவு எடுத்த சதையையோ, சிறிது இரத்தத்தையோ குழாயிலிட்டுப் பனிப்பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள், அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, ஏறத்தாழ 250 கோடி எழுத்துக்களாலான அந்த நெடிய சாசனத்தில், பன்றிக்குப் பன்றி வேறுபடுகின்ற இடங்களை மட்டும் படிக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டில் உருவான ஒரு சில்லு, அத்தகைய இடங்களில் 60 ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை ஒரே தடவையில் படித்துவிடும். படித்ததை ஒரு கணிதச் செயல்முறையில் இட்டால், இந்தப் பன்றியில் யார்க்‌ஷயர் வழி இத்தனை பங்கு, லாண்ட்ரேஸ் வழி இத்தனை பங்கு, நாட்டு வழி இத்தனை பங்கு என்று வண்ணக் கோடுகளாக விடை வருகிறது. ஸ்பெயின் தேசத்தார் 2014-ஆம் ஆண்டில் தங்கள் இபேரிய இனப் பன்றியின் தொடைக்கறிக்கு 100, 75, 50 என்று இனப்பங்கு குறித்து விற்க வேண்டுமெனச் சட்டமே செய்திருக்கிறார்கள். அங்கே டியூராக் என்னும் செந்நிற இனம் எவ்வளவு கலந்தது என்று அறிவது சந்தையின் நாணயம் பற்றிய விஷயம்.

இந்த வித்தையின் சாமர்த்தியத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். கண்ணுக்குத் தெரியாத தலைமுறைகளை ஒரு மயிரின் வேரிலிருந்து வாசித்துச் சொல்லுவது மனித அறிவின் மகத்தான சாதனைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லவில்லை என்பதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளாவிடில், பங்குக் கணக்கைப் பிராணியின் சொரூபமாகவே எண்ணிவிடுவோம்.

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது, அச்சில்லு எவற்றைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பது. டியூராக், லாண்ட்ரேஸ், லார்ஜ் ஒயிட், பியட்ரெய்ன் என்னும் வணிக இனங்களையும் காட்டுப் பன்றியையும் ஆராய்ந்து, அவற்றினிடையே வேறுபடும் இடங்களையே அதில் பெரும்பாலும் பொறித்தார்கள். நம் நாட்டுப் பன்றிகள் தங்களுக்குள் எங்கெங்கே வேறுபடுகின்றனவோ அவ்விடங்களில் பல அதில் இல்லை. அதனால் நாட்டுப் பன்றியின் உண்மையான பன்மை அதற்குக் குறைவாகவே தென்படும். 2012-இல் வெளியான மாதிரித் தொகுதியும் ஒரு டியூராக் பெண் பன்றியினுடையது. உலகத்துப் பன்றி ஒவ்வொன்றும் அந்த ஒரு சிவப்புப் பன்றியோடு எங்கே ஒக்கிறது, எங்கே மாறுகிறது என்ற கணக்காகவே இன்று எழுதப்படுகிறது. கருவி பொய் சொல்லவில்லை. தனக்குக் கற்பித்த வேற்றுமைகளை மட்டுமே அது காணுகிறது.

இரண்டாவது இன்னும் ஆழமானது. பங்கு பிரிக்கும் அந்தக் கணிதச் செயல்முறை, மூதாதைக் கூட்டங்கள் எத்தனை என்று ஆய்வாளர் கொள்ளுகிறாரோ அத்தனையாகவே பிரித்துக் காட்டும். இரண்டென்றால் இரண்டு, ஐந்தென்றால் ஐந்து. அதோடு, இது நாட்டுப் பன்றி என்று ஐயமின்றிக் கொள்ளத்தக்க சில மாதிரிகளை முதலிலேயே வைத்துக்கொண்டால்தான், அவற்றோடு ஒப்பிட்டு மற்றவற்றின் பங்கைச் சொல்ல முடியும். அந்த முதல் மாதிரிகளை நாட்டுப் பன்றி என்று அறிவித்தது எது? மரபணு அன்று, மரபணுவைப் பொருள்கொள்ளுவதற்கே அந்த அறிவிப்பு முன்னதாக வேண்டியிருக்கிறது. யார்க்‌ஷயருக்கு வம்சாவளி ஏடு உண்டு, பண்ணைப் பதிவேடு உண்டு. நாட்டுப் பன்றிக்கு அவை இல்லை. ஊருக்கு ஒதுக்குப்புறத்தில், பட்டியின் வாயிலில் நின்று, ‘இது எங்க பாட்டன் காலத்துலேருந்து வர்ற குட்டிங்க, சீமைப் பன்றி இதுல கலக்கலை’ என்று சொல்லும் ஒருவருடைய வாக்கே அதற்கு ஆதாரம்.

சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அருணந்தி சிவாசாரியார், பிறர் பலவாக விரித்துரைக்கும் அளவைகளையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கிக் கொள்ளுகிறார். மரபணுப் பரிசோதனை கருதல் அளவையைச் சேர்ந்தது என்பதில் தடையில்லை. குறியைக் கண்டு குறிக்கப்பட்டதை ஊகித்தல் அது. ஆனால் அக்குறிக்கும் அவ்வினத்துக்கும் உள்ள நீங்காத் தொடர்பை, அதாவது வியாப்தியை, எங்கிருந்து பெற்றோம் என்று பின்னோக்கிச் சென்றால், உரையளவையிலே போய் முட்டுகிறோம். அறிந்தவன் உண்மையாகச் சொல்லும் சொல்லே பிரமாணமாகும் என்று சாஸ்திரம் விதித்தது. அந்த ஆப்தன் வேதியனாகவோ பண்டிதனாகவோ இருக்க வேண்டும் என்று எந்தத் தர்க்க நூலும் விதிக்கவில்லை. நியாய பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர், ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் ஆப்தனாகும் தகுதி சமானம் என்றே உரைத்திருக்கிறார். நூற்றாண்டுகளாக எவர் சொல்லுக்கு ஊர்ச்சபையில் இடமில்லாமலிருந்ததோ, அவர் சொல்லின்மீதுதான் இன்று விலையுயர்ந்த கருவியின் தீர்ப்பு நிற்கிறது. இதை ஆய்வாளர் அறிவர். ஊரார் அறிய வேண்டும்.

இனி, இனம் என்பது உள்ளபடியே ஒரு தத்துவமா என்னும் மூல வினாவுக்கு வருவோம். நையாயிகர், பசுக்கள் பலவாயினும் அவை அனைத்திலும் ஒன்றாய் நித்தியமாய் நிற்கும் பசுத்தன்மை உண்டு, அதுவே ஜாதி என்பர். ஆயினும் கண்ட பொதுமையையெல்லாம் ஜாதி என்று ஒப்புக்கொள்ள அவர்கள் ஆயத்தமாக இல்லை. முதலாம் ராஜராஜன் காலத்தை ஒட்டி மிதிலையில் வாழ்ந்த உதயனாசாரியர், தம்முடைய கிரணாவளியில், ஒரு பொதுமை ஜாதியாக நிற்கவொட்டாமல் தடுக்கும் ஆறு தடைகளைத் தொகுத்தார். அவற்றுள் ஒன்று சங்கரம். இரண்டு தன்மைகள் ஓரிடத்தில் தனித்தனியாகவும், வேறோரிடத்தில் ஒன்றோடொன்று கலந்தும் காணப்பட்டு, ஒன்று மற்றொன்றனுள் முழுதும் அடங்காமலிருக்குமானால், அவ்விரண்டும் ஜாதிகளாக மாட்டா என்பது அதன் கருத்து. நாட்டுத்தன்மை மட்டும் உடைய பன்றி உண்டு. யார்க்‌ஷயர்த் தன்மை மட்டும் உடைய பன்றி உண்டு. இரண்டும் கலந்த பன்றியோ பட்டிதோறும் உண்டு. உதயனரின் அளவுகோலைக் கொண்டு நோக்கினால், பன்றித்தன்மை ஜாதியாக இருக்கலாம். நாட்டுத்தன்மையும் யார்க்‌ஷயர்த் தன்மையும் உபாதிகளே, அதாவது சூழ்நிலையாலும் வரலாற்றாலும் வந்து பொருந்தியவையே. ஆயிரம் ஆண்டுக்கு முன், கலப்பினப் பண்ணை ஒன்றையும் காணாத ஒருவர் வகுத்த நியதி இன்றைய வினாவுக்கு இத்தனை நேராக விடையளிப்பதைக் காணும்போது எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

பௌத்தர்கள் இதற்கும் ஒரு படி மேலே சென்றார்கள். பசு என்னும் சொல் பசுத்தன்மை என்று ஒன்றைச் சுட்டவில்லை, பசுவல்லாதவற்றை விலக்குவதே அதன் தொழில் என்றனர் திங்நாகரும் அவர் வழிவந்த தர்மகீர்த்தியும். பௌத்த தர்க்கத்தைத் தமிழிலே காண விரும்புவோர், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் உரைக்கும் காதையைக் காணலாம். மரபணு ஆய்வுக்கூடத்தில் நடப்பது பெரிதும் இந்த விலக்குதலே. வணிக இனங்கள் நெருங்கிய வம்சத்துள் மீண்டும் மீண்டும் கூட்டப்பட்டு ஒருபடித்தானவையாக ஆக்கப்பட்டவை. அவற்றின் அடையாளங்கள் எண்ணி எழுதப்பட்டவை. நாட்டுப் பன்றியோ ஊருக்கு ஊர் வேறுபடுவது. ஆகையால் ஒரு பன்றியில் வணிக இனங்களின் அடையாளங்கள் இல்லை என்று காட்டுவது எளிது. நாட்டினத்துக்கே உரிய அடையாளம் இது என்று காட்டுவது அரிது. எதிர்மறையால் மட்டும் அறியப்படுவது ஓர் உயிர்க்கூட்டத்துக்குப் போதிய கௌரவமாகாது என்று நான் எண்ணுகிறேன். 1984-ஆம் ஆண்டு நிறுவப்பட்டு, இன்று கர்னாலில் இயங்கும் தேசிய விலங்கின மரபுவளக் கழகம், வங்காளத்து குங்ரூ, மேகாலயத்து நியாங் மேகா, கோவாவின் அகோண்டா, நாகாலாந்தின் தேன்யி வோ, நிகோபார்ப் பன்றி என்று ஒவ்வொன்றாய்ப் பெயரிட்டுப் பதிவு செய்துவருவது இந்தக் குறையை நீக்கும் பணி. பதிவு பெறாதவையெல்லாம் வர்ணனைக்குரிய இனமற்றவை என்று ஒரே தொகுப்பில் தள்ளப்படுகின்றன.

பங்குக் கணக்கில் தூய்மையைத் தேடுவோர், தூயது என்று தாம் நிறுத்தும் யார்க்‌ஷயரின் சரித்திரத்தையே சற்றுப் பார்க்க வேண்டும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர் சீனத்துப் பன்றிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்த் தங்கள் ஊர்ப் பன்றிகளோடு கலந்தார்கள். அக்கலப்பின் வழிவந்தவற்றுள் ஒன்றே யார்க்‌ஷயர். அதன் உடம்பில் இன்றும் ஆசியப் பன்றியின் பங்கு கணிசமாக இருக்கிறது. 1884-ஆம் ஆண்டில் பன்றி வளர்ப்போர் சங்கம் ஒன்று அமைத்து, வம்சாவளி ஏடு எழுதத் தொடங்கி, இனி இதில் வேறெதுவும் கலத்தலாகாது என்று ஏட்டை மூடினார்கள். தூய்மை அதற்குப் பிறகு பிறந்தது. நம் காட்டுப்பாக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் முக்கால் பங்கு யார்க்‌ஷயரும் கால் பங்கு நாட்டுப் பன்றியுமாகச் சேர்த்து உருவாக்கி, கே.பி.எம். கோல்டு என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதுவும் இன்னும் நூறு ஆண்டு சென்றால் தனக்கென ஒரு தூய்மையைப் பெற்றுவிடக் கூடும்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மேற்காசியாவிலே பழக்கப்பட்ட பன்றிகளை, ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவுக்குக் குடியேறிய உழவர்கள் உடன்கொண்டு சென்றார்கள். அவை அங்குள்ள காட்டுப் பன்றிகளோடு தலைமுறை தலைமுறையாகக் கூடிக்கொண்டே வந்ததனால், சில ஆயிரம் ஆண்டுகளில் அவற்றின் மேற்காசிய வழி ஏறத்தாழ முழுவதுமாக மறைந்துவிட்டது என்று, பழைய எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுக்களை ஆராய்ந்து 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். உடம்பின் மூலப்பொருள் ஏறத்தாழ அனைத்தும் மாறிப்போயிற்று. மனிதனுடைய கொட்டிலில் கட்டுண்டு, அவன் இட்டதைத் தின்று, அவன் கைக்குப் பழகிய உறவு மட்டும் ஒருநாளும் அறாமல் தொடர்ந்தது. அந்தப் பன்றிக் குலம் தொடர்ந்ததா, அழிந்ததா? மரபணுவைக் கேட்டால் அழிந்தது என்று சொல்லும். உறவைக் கேட்டால் தொடர்ந்தது என்று சொல்லும். இரண்டும் மெய். குலம் என்று நாம் சொல்லுவது குருதியில் மட்டும் இல்லை. பிராணியும், அதை வளர்க்கும் குடும்பமும், அவ்விரண்டையும் தாங்கும் நிலமும் சேர்ந்து பல தலைமுறை காத்துவரும் ஒரு பிணைப்பில் அது இருக்கிறது என்பதே என் துணிபு. மேட்டூரிலிருந்து வந்த நீர் எத்தனை பங்கு, ஐப்பசி மழைநீர் எத்தனை பங்கு என்று வயலில் நிற்கும் தண்ணீரை அளந்து சொல்ல முடியும். அவ்வளவு சொன்னபிறகும் அது இன்னார் வயல், இன்ன வாய்க்காற் பாசனம் என்பதை அந்த அளவு சொல்லிவிடாது.

கலப்புப் பன்றி ஒன்று ஈன்ற குட்டிகளைப் பாருங்கள். தாயும் தந்தையும் பாதிக்குப் பாதி கலந்தவையாக இருப்பினும், ஒவ்வொரு குட்டிக்கும் மரபணுக்கள் வெவ்வேறாகப் பகிரப்படுவதால், ஒன்று 42 பங்கு நாட்டு வழியும், அதனை அடுத்துப் படுத்திருக்கும் உடன்பிறப்பு 58 பங்கும் காட்டக்கூடும். பிறந்த சில நாட்களுக்குள்ளேயே குட்டிகள் தத்தமக்கென ஒவ்வொரு முலைக்காம்பைத் தேர்ந்துகொண்டு, வரிசை பிறழாமல் அதிலேயே பாலருந்தும். ஐம்பதுக்கு மேற்பட்டது நாட்டுப் பன்றி என்று ஓர் அலுவலகம் விதி செய்யுமானால், ஒரே வயிற்றில் பிறந்து ஒரே வரிசையில் பாலருந்துகின்ற இரண்டில் ஒன்று பதிவேட்டுக்குள்ளும் மற்றொன்று வெளியேயும் போகும். விதி நிர்வாகத்துக்கு வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அந்த விதி பிரபஞ்சத்தில் இருக்கும் ஒரு பிளவைக் கண்டுபிடித்தது என்று எண்ணுவதையே மறுக்கிறேன்.

பாலருந்தும் பன்றிக்குட்டியைப் பற்றி எழுதும் தமிழன் பரஞ்சோதி முனிவரை நினையாமல் இருக்க முடியாது. இத்தஞ்சைத் தரணியின் தென்கோடியாகிய திருமறைக்காட்டில் பிறந்து மதுரைக்குச் சென்று திருவிளையாடற் புராணம் பாடிய அப்பெரியார், பன்றிக்குட்டிக்கு முலை கொடுத்த படலம் என்று ஒரு படலமே வகுத்தார். சுகலன் என்னும் வேளாளனின் பன்னிரண்டு மைந்தர், குருபகவானின் தவத்துக்கு இடையூறு செய்து, அவர் சாபத்தால் பன்றிக்குட்டிகளாகப் பிறக்கிறார்கள். பாண்டியனின் வேட்டையில் தாயும் தந்தையும் மாள, பன்னிரண்டும் பசியால் துடிக்கின்றன. சோமசுந்தரக் கடவுள் தாமே தாய்ப் பன்றியின் வடிவெடுத்து வந்து பாலூட்டுகிறார். அடுத்த படலத்தில் அக்குட்டிகள் முகம் மட்டும் பன்றி முகமாகவும் மற்றை அங்கமெல்லாம் மானிடமாகவும் பெற்று, ஞானத்தில் சிறந்து, பாண்டியனுக்கு மந்திரிகளாகின்றன. இழிந்த பன்றிக்குட்டிகளுக்கு இவ்வாறு அருளியது ஏன் என்று உமையம்மை வினவ, எல்லா உயிர்க்கும் தாம் பொதுவானவர் என்று இறைவர் விடையிறுக்கிறார். பரஞ்சோதியாருக்குப் பல நூற்றாண்டு முன்னதாகவே மாணிக்கவாசகர் இந்த வரலாற்றைத் திருவாசகத்தில் நெஞ்சுருகிக் குறிப்பிட்டிருக்கிறார். மதுரைப் புதுமண்டபத்துத் தூணிலே சிற்பியும் அதைச் செதுக்கியிருக்கிறான்.

அந்தப் பன்னிருவரின் குலம் எது? தந்தை வழியால் வேளாளர்; ஈன்ற வயிற்றால் காட்டுப் பன்றி; உண்ட பாலால் சிவகுமாரர்; தொழிலால் அமைச்சர். சைவ சித்தாந்தம் இதற்குத் தெளிவான ஒரு நிலையை வகுத்துத் தருகிறது. உடம்பு மாயையின் காரியம். அது வினைக்கு ஈடாக வருவது, மாறுவது, கலப்பது, அழிவது. உயிர் அந்த உடம்பால் இனங்காட்டப்படுவதேயன்றி இனமுடையதன்று. புல்லாகவும் புழுவாகவும் மரமாகவும் விலங்காகவும் பிறந்து வருவது ஒரே உயிர் என்று கொள்ளும் ஒரு சமயம், எந்த உடம்பின் தூய்மையையும் உயிரின் பெருமையாகக் கொள்ள இடந்தராது. மரபணுப் பரிசோதனை உடம்பின் வரலாற்றைச் சொல்லுகிறது. மிகச் சரியாகவே சொல்லுகிறது. அதற்கு மேல் ஓர் அந்தஸ்தை அதன் வாயில் நாம் திணித்தல் கூடாது.

இதை இத்தனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பன்றியைப் பற்றிப் பேசத் தொடங்கும் தூய குருதி என்னும் மொழி, பன்றியோடு நின்றுவிடுவதில்லை. மனிதருக்கும் எச்சிலை ஒரு குழாயில் வாங்கிக்கொண்டு, உன் வம்சத்தில் இந்தத் தேசத்துப் பங்கு இத்தனை, அந்தத் தேசத்துப் பங்கு இத்தனை என்று காசுக்குச் சொல்லும் நிறுவனங்கள் வந்துவிட்டன. கலப்பு மணம் செய்தவர்களைக் கொல்லவும் துணிகிறவர்கள் வாழும் நாட்டில், கலப்பு என்பது குறை, தூய்மை என்பது மேன்மை என்னும் எண்ணத்துக்கு ஆய்வுக்கூடத்தின் முத்திரையும் கிடைக்குமானால் விளையும் தீங்கு பெரிது. நாட்டினம் காப்போம் என்று முழங்கும் சிலரிடம் இந்த எண்ணம் மறைந்து கிடப்பதை நான் கவலையோடு காண்கிறேன். நாட்டுப் பன்றியைத் தூயது என்பதற்காகக் காக்க வேண்டுவதில்லை.

பின் எதற்காகக் காப்பது? இவ்விடத்தில் ஜீவகாருண்யம் உடையோர் ஒரு கேள்வி எழுப்புவர்: தின்பதற்காகவே வளர்க்கப்படும் ஒன்றின் இனத்தைக் காப்பது எவ்வாறு தருமமாகும்? காக்கப்படுவது இனம், கொல்லப்படுவதோ உயிர். நோவு உயிருக்கேயன்றி இனத்துக்கு இல்லையே? இக்கேள்வியின் நியாயத்தை நான் முழுதும் ஒப்புக்கொள்ளுகிறேன். இனத்தைக் காத்த புண்ணியத்தைக் கொண்டு கொலையின் கணக்கைத் தீர்த்துவிட முடியாது. அவை இரண்டும் வெவ்வேறு ஏடுகள். ஆனால் பல நூறு தலைமுறையாக மனிதனை அடுத்து வாழ்ந்து, அவன் கழித்ததைத் தின்று அவனுக்குத் தன் உடம்பையே கொடுத்துவந்த ஒரு குலத்தை, ஆதாயம் குறைந்தது என்ற ஒரே காரணத்தால், அழிகிறதென்றும் அறியாமல் அழியவிடுவது, கொன்றவன் இவன் என்று சுட்டமுடியாத ஒரு கொலை. அக்குலத்தைச் சார்ந்து பிழைக்கும் ஏழைக் குடும்பத்துக்கு, விலைத் தீவனம் வேண்டாத பன்றி போனால் வெண்பன்றி வளர்க்க முதல் கிடையாது. கடன்பட்டவன் பட்ட கடனைச் செலுத்துவதற்குக் கடன்கொடுத்தவரின் வம்சத் தூய்மையை விசாரிப்பதில்லை. நாட்டுப் பன்றியிடம் நமக்குள்ளது அத்தகைய கடன்; கால்பங்கு கலந்ததாயினும் அந்தக் கடன் கால்பங்கு குறைவதில்லை.

பரிசோதனை தொடர்ந்து நடக்கட்டும். எந்த ஊரில் பழைய வழி இன்னும் மிகுந்து நிற்கிறது, எங்கே நெருங்கிய உறவுக்குள்ளேயே கூடிக்கூடி வலிமை குன்றுகிறது, எந்தக் கிடாயை எங்கே கொண்டுவிடலாம் என்பதை அறிய அதைவிடச் சிறந்த வழி கிடையாது. மாதிரி எடுக்கச் செல்லும் இளைஞர்களுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: மயிரையும் இரத்தத்தையும் குழாயில் வாங்கும்போதே, வளர்ப்பவரின் வாக்கையும் அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், தாய் எது, எந்தப் பட்டியிலிருந்து வந்தது, எந்த ஆண்டு சீமைக் கிடாய் சேர்ந்தது என்று அவர் சொல்லுவதைக் கருவியின் விடைக்குப் பக்கத்திலேயே பதியுங்கள், முடிவு வந்ததும் திரும்பிச் சென்று அதைத் தமிழில் அவரிடம் விளக்கிச் சொல்லுங்கள். 2002-ஆம் ஆண்டு உயிர்ப்பன்மயச் சட்டத்தின்படி உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். வளர்ப்புப் பிராணிகளுக்கும் அவற்றைப் பற்றிய ஊரறிவுக்கும் அதில் இடமுண்டு. ஒரத்தநாடு வட்டத்து ஊராட்சிகள் அப்பதிவேட்டில் உம்பளச்சேரி மாட்டுக்கு அடுத்த பக்கத்தை நாட்டுப் பன்றிக்கு ஒதுக்கி, அதை வளர்ப்போரை வரவழைத்து, உட்காரவைத்துக் கேட்டு எழுத வேண்டும்.